எஞ்சினுக்கு ஏற்ற உட்செலுத்தி

மோட்டார் வண்டியின் எஞ்சினை மாற்றியமைத்து அதன் ஆற்றலைப் பெருக்க விரும்புவோரிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பெட்ரோலை உள்ளே பீய்ச்சும் உட்செலுத்தியைப் பெரிதாக்கிவிட்டால் வண்டியின் வேகமும் பெரிதாகிவிடும் என்பதே அந்நம்பிக்கை. உண்மை அதுவன்று. எஞ்சினின் ஆற்றலுக்கு வரம்பு கட்டுவது அஃது உள்ளிழுக்கும் காற்று. அக்காற்று எவ்வளவு பெட்ரோலை எரிக்க வல்லதோ அவ்வளவை அளந்து கொடுப்பதே உட்செலுத்தியின் தொழில். காற்றைப் பெருக்காமல் பெட்ரோலை மட்டும் பெருக்கினால் கரும்புகைதான் மிஞ்சும். காற்றைப் பெருக்கிவிட்டுப் பெட்ரோலைப் பெருக்க மறந்தால், பல ஆயிரம் வெள்ளி செலவிட்டு ஆக்கிய எஞ்சினின் பிஸ்டன் சில விநாடிகளில் உருகித் துளைபடவும் கூடும். ஆதலின், எஞ்சினை மாற்றுவோர் அறிந்தாக வேண்டிய கணக்குகளுள் உட்செலுத்தியின் அளவைக் காணும் கணக்கு முதன்மையானது. பள்ளியிற் கற்ற விகிதமும் வர்க்கமூலமும் அறிந்த எவரும் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்ஜெக்டர் என்று பணிமனைகளில் வழங்கும் கருவியே தமிழில் உட்செலுத்தி எனப்படுவது. பெயரைக் கேட்டவுடன் பிள்ளைகள் விளையாடும் பீச்சாங்குழல் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பீச்சாங்குழலில் தண்டைத் தள்ளும் கையே நீரை வெளியேற்றுகிறது. உட்செலுத்தியோ எதையும் தள்ளுவதில்லை. தள்ளும் வேலையைப் பெட்ரோல் தொட்டியிலுள்ள பம்பு முன்னரே செய்து முடித்துவிடுகிறது. அழுத்தம் ஏறிய பெட்ரோல் வாயிலில் காத்து நிற்கிறது. உட்செலுத்தி அவ்வாயிலைத் திறந்து மூடும் காவலன் மட்டுமே. அதனுள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ஊசி வால்வு எழும்புகிறது. மின்சாரம் நின்றால் வில் அதைப் பழையபடி அமர்த்திவிடுகிறது. எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டும் என்று ஆணையிடுவது, வண்டியின் மூளை என்று சொல்லத்தக்க மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஆகவே உட்செலுத்தி பெட்ரோலை அளப்பது உழக்கினால் அன்று, நேரத்தினால் என்க.

கார்புரேட்டர் காலத்தில் இத்தகைய சிக்கல் இல்லை. ஜெட் எனப்படும் துளையிட்ட பித்தளைத் திருகைக் கழற்றிப் பெரிய துளையுள்ளதை மாட்டுவதோடு வேலை முடிந்தது. 1967-இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு அமைப்பு வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் இடம்பெற்ற பின்னர், மின்னணு முறை சிறிது சிறிதாகக் கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்தது. மலேசியாவில் 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் வண்டியே. அடுத்து வந்த தலைமுறைகளில் கார்புரேட்டர் மறைந்தது. அதனோடு துளைத்திருகை மாற்றும் எளிய வழியும் மறைந்தது.

உட்செலுத்தியின் அளவு என்பது யாது? அதனைத் தொடர்ந்து திறந்தே வைத்தால் ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் பாயும் என்பதே அதன் அளவு. பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் வைத்து இதனைச் சோதிக்கின்றனர். ஒரு பார் என்பது வளிமண்டல அழுத்தத்திற்கு ஏறத்தாழச் சமம். 240 கன சென்டிமீட்டர் உட்செலுத்தி என்றால், 3 பார் அழுத்தத்தில் ஒரு நிமிடம் ஓயாது திறந்திருக்கும்போது 240 கன சென்டிமீட்டர் பாய்ச்ச வல்லது என்பது பொருள். அழுத்தத்தைக் குறிப்பிடாமல் அளவை மட்டும் கூறி விற்பவரிடம், எந்த அழுத்தத்தில் அளந்தது என்று கேட்பது வாங்குவோரின் உரிமை.

ஒரு மெய்யான எஞ்சினை வைத்துக் கணக்கைப் பார்க்கலாம். ஹோண்டா நிறுவனம் 1989-இல் இன்டெக்ரா வண்டியில் அறிமுகப்படுத்திய பி16ஏ எஞ்சின் இவ்வட்டாரத்தில் நன்கு அறிமுகமானது. ஜப்பானிலிருந்து வரும் பாதி வெட்டிய பழைய வண்டிகளை மலேசியப் பணிமனைகள் ‘ஹாஃப் கட்’ என்று வழங்குகின்றன. அவற்றிலிருந்து இந்த எஞ்சினைக் கழற்றித் தம் சிவிக் வண்டியில் ஏற்றியவர் பலர். நான்கு உருளைகள், 1,595 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, நிமிடத்திற்கு 7,600 சுழற்சியில் 160 குதிரைத்திறன் என்பன அதன் விவரங்கள். உருளைக்கு ஒன்றாக நான்கு உட்செலுத்திகள். ஒவ்வொன்றின் அளவும் ஏறத்தாழ 240 கன சென்டிமீட்டர்.

இந்த 240 எங்ஙனம் வந்தது? இரண்டு வழிகளில் ஆராயலாம். முதல் வழி காற்றைத் தொடர்ந்து செல்வது. நாற்கட்ட எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறையே தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கிறது. 7,600 சுழற்சியில் ஒரு நிமிடத்திற்கு 3,800 முறை. உருளை முற்றும் நிரம்புகிறது எனக் கொண்டால், 1.595 லிட்டரை 3,800-ஆல் பெருக்க ஏறத்தாழ 6,060 லிட்டர் காற்று கிடைக்கிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். ஆக ஒரு நிமிடத்தில் எஞ்சின் விழுங்கும் காற்றின் எடை 7,270 கிராம். சிறிய எஞ்சின் என்று கருதப்படும் ஒன்று, நிமிடத்திற்கு ஏழு கிலோவுக்கு மேல் காற்றை உண்ணுகிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

பெட்ரோல் முற்றும் எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல் கூறும் விகிதம். ஆனால் முழு ஆற்றலை வேண்டும் வேளையில் எஞ்சினுக்குச் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் ஊட்டுகின்றனர். உள்ளே வந்த ஆக்சிஜன் ஒரு துளியும் வீணாகாமல் எரிய வேண்டும் என்பது ஒரு காரணம். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தைத் தணிக்கும் என்பது மற்றொரு காரணம். ஆகவே 12.8-க்கு ஒன்று என்ற விகிதம் கொள்வோமாயின், 7,270 கிராம் காற்றுக்கு 568 கிராம் பெட்ரோல் வேண்டும். நான்கு உருளைகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 142 கிராம். பெட்ரோல் நீரினும் இலேசானது. ஒரு கன சென்டிமீட்டரின் எடை ஏறத்தாழ 0.74 கிராம். எனவே 142 கிராம் என்பது 192 கன சென்டிமீட்டர்.

இரண்டாம் வழி ஆற்றலிலிருந்து பின்னோக்கி வருவது. டர்போ இல்லாத நல்ல பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறத்தாழ 210 கிராம் பெட்ரோலைச் செலவிடும். 160 குதிரைத்திறனுக்கு 33,600 கிராம். அதனை நான்கு உருளைக்கும் பகிர்ந்து நிமிடக் கணக்காக்கினால் உருளைக்கு 140 கிராம். அதாவது 189 கன சென்டிமீட்டர். காற்றைத் தொடர்ந்து சென்றபோது கிடைத்தது 192. ஆற்றலைத் தொடர்ந்து வந்தபோது கிடைத்தது 189. வேறு வேறு திசையிலிருந்து வந்த இரு கணக்குகள் இவ்வளவு நெருங்கி நிற்பது, இரண்டையும் நம்பலாம் என்பதற்குச் சான்று. பணிமனைகளில் இரண்டாம் வழியே வழக்கம். அதற்கு வேண்டிய எண்கள் குறைவு என்பதே காரணம்.

தேவை 189 என்றால் 240 எதற்கு? வீண்செலவா? அன்று. உட்செலுத்தி திறந்தே இருக்கும் குழாய் அல்லவே. 7,600 சுழற்சியில் ஒரு முழுச் செயற்பாட்டிற்கு, அதாவது இரண்டு சுழற்சிக்கு, கிடைக்கும் காலம் 15.8 மில்லி விநாடி மட்டுமே. அதற்குள் ஊசி எழும்ப வேண்டும், பெட்ரோல் பாய வேண்டும், ஊசி மீண்டும் அமர வேண்டும். முழுக் காலத்தில் எத்தனை பங்கு திறந்திருக்கிறதோ அதனைத் திறப்பு விழுக்காடு எனலாம். 189-ஐ 240-ஆல் வகுத்தால் 79 விழுக்காடு வருகிறது. 80 அல்லது 85 விழுக்காட்டிற்கு மேல் போனால் ஊசி முற்றும் அமர்வதற்கு முன்பே அடுத்த ஆணை வந்துவிடும். அப்போது அளவு ஒழுங்கு தவறும். நூறு விழுக்காட்டை எட்டிவிட்டாலோ, மூளைப்பெட்டி எவ்வளவு வேண்டினாலும் அதற்கு மேல் ஒரு துளியும் கூடுதலாக வாராது. ஹோண்டாவின் பொறியாளர் தேவையை அறிந்து, அதற்குச் சற்றே மேலான அளவை வைத்தனர் என்பது இதனால் விளங்கும். ஆதலின் அந்த 240 உட்செலுத்தியை வைத்துக்கொண்டே ஆற்றலைப் பெரிதும் கூட்ட எண்ணுவது, ஏற்கெனவே நிரம்பிய பேருந்தில் மேலும் ஐம்பது பேரை ஏற்ற நினைப்பது போன்றது.

அந்த எஞ்சினுக்கே ஒரு டர்போவைப் பூட்டி 250 குதிரைத்திறன் பெற விரும்பும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். டர்போ எஞ்சினில் உருளையின் வெப்பமும் அழுத்தமும் மிகுதி. ஸ்பார்க் பிளக்கின் பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானே வெடித்துத் தட்டும் அபாயம் உண்டு. அதனைத் தடுக்கப் பெட்ரோலை இன்னும் தாராளமாக ஊட்டவேண்டும். குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் என்று கொள்வது பாதுகாப்பு. 250-ஐ 270-ஆல் பெருக்க 67,500 கிராம். உருளைக்கு நிமிடத்தில் 281 கிராம். 380 கன சென்டிமீட்டர். திறப்பு விழுக்காடு 80-ஐத் தாண்டலாகாது என்பதால் 380-ஐ 0.8-ஆல் வகுக்க, வேண்டிய அளவு 475 என்று கிடைக்கிறது. கடையில் சரியாக 475 கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்த பெரிய அளவை, 500-ஐயோ 550-ஐயோ வாங்குவதே முறை. 440 மலிவாகக் கிடைக்கிறது என்று அதை எடுப்பது தவறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்கில் இடவேண்டிய குதிரைத்திறன், எஞ்சின் தண்டில் பிறக்கும் குதிரைத்திறன். சோதனை உருளைமேல் வண்டியை ஏற்றி அளக்கும்போது கிடைப்பது சக்கரத்தை எட்டிய ஆற்றல். வழியில் கியர்ப்பெட்டியும் பிறவும் விழுங்கியது போக மிஞ்சியது. சக்கரத்தில் 250 வேண்டும் என்பவர் எஞ்சினுக்கு அதனினும் மிகுந்த எண்ணையே கொள்ளவேண்டும். இவ்வேறுபாட்டை மறந்து சிறிய உட்செலுத்தியை வாங்கியவர்கள் பலர்.

பெரியதே நல்லது என்போருக்கு விடை

475 போதும் என்றால் 1,000 வாங்கினால் இன்னும் நல்லதன்றோ, பின்னாளில் ஆற்றலைக் கூட்டவும் உதவுமன்றோ என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. விடையை முழு வேகத்தில் தேடக்கூடாது. வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும்போது தேடவேண்டும்.

நிற்கும் ஓட்டத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுழற்சி ஓடுகிறது என்க. 1.6 லிட்டர் எஞ்சின் அந்நிலையில் மணிக்கு ஏறத்தாழ 0.8 லிட்டர் பெட்ரோலைச் செலவிடும். உருளைக்கு நிமிடத்தில் 3.3 கன சென்டிமீட்டர். அதை 400 முறையாகப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு முறைக்கு 0.008 கன சென்டிமீட்டர்! பெரியதொரு மழைத்துளியில் பல முறைக்கான பெட்ரோல் அடங்கிவிடும். இந்தத் துளியினும் சிறிய துளியை ஒவ்வொரு முறையும் பிசகாமல் அளக்க வேண்டியது அந்த ஊசியின் கடமை. 240 உட்செலுத்தி இதற்கு 2 மில்லி விநாடியை எடுத்துக்கொள்ளும். 500 உட்செலுத்திக்கு ஒரு மில்லி விநாடி. 1,000 உட்செலுத்திக்கோ அரை மில்லி விநாடிதான்.

ஊசி ஆணை பெற்றவுடன் எழும்பிவிடுவதில்லை. காந்தம் வலுப்பெற்று, வில்லின் எதிர்ப்பை வென்று, ஊசி அசைய ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகிறது. இதனைத் தயக்க நேரம் என்று கூறலாம். மூளைப்பெட்டி இத்தயக்கத்தைக் கூட்டியே ஆணை பிறப்பிக்கிறது. இந்நேரம் என்றும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதே தொல்லை. பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் தயக்கம் நீளும். இரவில் விளக்கும் குளிர்சாதனமும் ஒருங்கே ஓடும்போது மின்னழுத்தம் சிறிது தாழ, தயக்கம் 0.1 மில்லி விநாடி நீண்டுவிட்டது, மூளைப்பெட்டி அதை அறியவில்லை எனக் கொள்ளலாம். 2 மில்லி விநாடி திறக்கும் உட்செலுத்தியில் இது 5 விழுக்காட்டுப் பிழை. அரை மில்லி விநாடி திறக்கும் உட்செலுத்தியில் அதே தயக்கம் 20 விழுக்காட்டுப் பிழை. முன்னதை எஞ்சின் உணராது. பின்னதால் எஞ்சின் இருமும், தடுமாறும், சிவப்பு விளக்கில் அணைந்தும் போகும்.

அண்மைக் காலத்துப் பெரிய உட்செலுத்திகள் பழையவற்றினும் திருத்தமாக இயங்குகின்றன என்பதையும் மறைக்கலாகாது. ஒவ்வொரு மின்னழுத்தத்திற்கும் உரிய தயக்க நேரத்தைத் தயாரிப்பாளர் அட்டவணையாகத் தருகின்றனர். அதனை மூளைப்பெட்டியில் பதிந்தால் 1,000 உட்செலுத்தியும் அமைதியாக நிற்கும் ஓட்டம் தரும். ஆயினும் அட்டவணை இல்லாத, எங்கு செய்தது என்று தெரியாத மலிவுப் பொருளை வாங்குவோருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அவர்கள் கணக்குக் காட்டும் அளவோடு நிற்பதே நலம்.

உட்செலுத்தியை மாற்றியபின் மூளைப்பெட்டிக்கு அதனை அறிவிக்காமல் விடுவது மற்றொரு பெரும்பிழை. 240-க்கு உரிய நேரத்தையே அது 500-க்கும் கொடுக்கும். பெட்ரோல் இரு மடங்குக்கு மேல் பாயும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவி ஓரளவு திருத்திக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் இரு மடங்கைத் திருத்தும் வல்லமை அதற்கு இல்லை. மிகுந்த பெட்ரோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். ஸ்பார்க் பிளக் கரிபிடிக்கும். புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிப் பெட்டி கொதித்துப் பாழாகும்.

அழுத்தத்தைக் கூட்டும் குறுக்கு வழி

உட்செலுத்தியை மாற்றாமல் பெட்ரோலின் அழுத்தத்தை மட்டும் உயர்த்திச் சமாளிப்போரும் உண்டு. இதில் ஓர் இயற்கை நியதி குறுக்கிடுகிறது. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே உயரும். 3 பாரை 4 பாராக்கினால் 240 என்பது 277 ஆகும். அழுத்தத்தை இரட்டித்து 6 பாராக்கினாலும் 339-தான், 480 அன்று. அதற்குள் பம்பு மூச்சுத் திணறத் தொடங்கும். எதிர்க்கும் அழுத்தம் ஏற ஏறப் பம்பு தரும் அளவு குறைவது இயல்பு. சிறிய குறையைச் சரிசெய்ய இவ்வழி உதவும். பெரிய குறைக்கு உதவாது.

டர்போ எஞ்சினில் இவ்வழுத்தம் வேறொரு வகையிலும் கவனிக்கத்தக்கது. உட்செலுத்தியின் ஒரு பக்கம் பெட்ரோல் அழுத்தம். மறுபக்கம் உட்குழாயின் காற்றழுத்தம். பாய்ச்சலைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. டர்போ ஒரு பார் அழுத்தம் ஏற்றும்போது, பெட்ரோல் அழுத்தம் 3 பாரிலேயே நின்றுவிட்டால் வேறுபாடு 2 பாராகக் குறையும். 240 உட்செலுத்தி 196 ஆகிவிடும். எஞ்சினுக்கு மிகுதியாக வேண்டிய அதே வேளையில் குறைவாகக் கிடைக்கும். இதனைத் தவிர்க்கவே, அழுத்தச் சீராக்கியை ஒரு சிறு குழாயால் உட்குழாயோடு இணைத்து, காற்றழுத்தம் ஏறும்போது பெட்ரோல் அழுத்தமும் ஏறுமாறு செய்கின்றனர். அந்தச் சிறு இரப்பர்க் குழாய் வெடித்தோ கழன்றோ போவதால் அழிந்த எஞ்சின்கள் உண்டு.

எரிபொருளை மாற்றினால் கணக்கும் மாறும். பிரேசில் போன்ற நாடுகளில் வண்டிக்கு ஊற்றப்படும் எத்தனாலுக்கு, அதன் எடையைப் போல் 9 மடங்கு காற்றே போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் மிகுதியாக வேண்டும். பெட்ரோலுக்கு 475 போதுமாயிருந்த எஞ்சின், எத்தனால் கலவை மிகுந்த எரிபொருளுக்கு 650-க்கும் மேல் கேட்கும்.

வாங்குமுன் கம்பிச்சுருளின் மின்தடையையும் பார்த்தல் வேண்டும். சில உட்செலுத்திகளில் அது 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். வேறு சிலவற்றில் 2 அல்லது 3 ஓம்தான். தடை குறைந்ததில் மின்சாரம் மிகுதியாகப் பாயும். பழைய ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் இதற்கெனவே ஒரு தடைப்பெட்டி வைத்திருந்தனர். அப்பெட்டி இல்லாத வண்டியில் தடை குறைந்த உட்செலுத்தியை மாட்டினால் மூளைப்பெட்டியின் உள்ளுறுப்புகள் கருகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எஞ்சினில் மாற்றம் செய்வது போக்குவரத்துத் துறையின் விதிகளுக்கு உட்பட்டது. பொருள் வாங்குமுன் அதனையும் விசாரித்துக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

அளவு சரியாக இருந்தும், பழைய உட்செலுத்திகளை வாங்குவோர் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்விக்க வேண்டும். நான்கையும் ஒரே தாங்கியில் மாட்டி, கீழே நான்கு கண்ணாடி அளவுக்குழல்களை வைத்து, ஒரே அழுத்தத்தில் ஒரே நேரம் திறந்து பார்ப்பதே அது. வண்டியின் ஆக்சிஜன் உணர்கருவி நான்கு உருளைகளின் புகையையும் கலந்தே முகர்கிறது, தனித்தனியே அறியாது. மூன்று உட்செலுத்திகள் சற்று மிகுதியாகவும் நான்காவது அழுக்கடைந்து குறைவாகவும் பாய்ச்சினால், கருவி கூறும் சராசரி குற்றமற்றதாகவே தோன்றும். அந்த நான்காவது உருளை மட்டும் பட்டினியில் காய்ந்து தட்டிக்கொண்டிருக்கும். அளவுக்குழல்களில் நான்கின் மட்டமும் 2 அல்லது 3 விழுக்காட்டிற்குள் ஒத்து நிற்க வேண்டும். ஒத்து நில்லாதவற்றை மீயொலித் தொட்டியிலிட்டுக் கழுவிய பின் மீண்டும் அளக்கின்றனர். அதன் பின்னும் தாழ்ந்து நிற்பதை விலக்கிவிட்டு வேறொன்றைத் தேடுகின்றனர்.